கத்திரிக்காய் விற்கக் கற்றுக்கொடுத்த செந்தமிழ்ச்செல்வி

செந்தமிழ்ச்செல்விக்கு விவசாய வியாபாரம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தபோது வயது நாற்பத்திரண்டு. அதுவரை அவள் தன் கையால் வைத்து வளர்த்த ஒரே செடி, நெல்லித்தோப்பு வாடகை வீட்டின் மாடிப்படியில் பெயிண்ட் டப்பாவில் நின்ற துளசி. அதுவும் இரண்டாவது கோடையைத் தாண்டவில்லை.

பி.காம். படித்தவள். நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பதினெட்டு வருஷம் பில் போட்டாள். கொரோனாவுக்குப் பிறகு கடையைப் பாதியாகச் சுருக்கினார்கள். சுருக்கிய பாதியில் அவளுடைய நாற்காலி இல்லை. கணவன் இராமதாஸ் லாரிப் பட்டறையில் மெக்கானிக். மகள் அபி அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வழியில்லை.

அவள் யாரிடமும் சொல்ல விரும்பாத ஒன்று இருந்தது. அவளுடைய அம்மா மணியம்மாள் மீன் விற்பவள். கடலோரக் குப்பத்திலிருந்து விடியற்காலையில் கூடையோடு கிளம்பி, நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவள். செந்தமிழ்ச்செல்வி ஆறாம் வகுப்பு படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அவள் புத்தகப் பையை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். அன்றைக்குப் பிறகு அம்மாவைப் பற்றி யார் கேட்டாலும், "சொந்தமா பிசினஸ் பண்றாங்க" என்றுதான் சொல்வாள். பொய் என்று சொல்ல முடியாது. மீன் வாடையிலிருந்து தப்பிக்கிற மாதிரி ஒரு மில் தொழிலாளி வீட்டுக்கு மருமகளாகப் போனாள். அந்த வீடு அம்மா மீன் விற்கும் இடத்திலிருந்து மூன்றே தெரு தள்ளி அமைந்தது அவள் நேரம். வாராவாரம் அம்மா வீட்டுக்குப் போய் மீன் கொழம்பு ஊற்றிச் சாப்பிடுவாள், அதில் குறையே இல்லை. மார்க்கெட் பக்கம் மட்டும் போகமாட்டாள். காய்கறிக்கு இராமதாஸைத்தான் அனுப்புவாள்.

வேலைக்கு ஆள் எடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். பாகூர் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு விவசாயத்தைத் தொழிலாக நடத்தக் கற்றுக்கொடுப்பது திட்டம். எங்கோ வடக்கே இருக்கும் ஒரு கம்பெனி அதற்கு நிதி கொடுத்தது. திட்ட அலுவலர் புருஷோத்தமன்தான் நேர்காணல் செய்தார். நல்ல மனிதர், எதையும் ஃபைலில் போட்டுவிட்டால் அது நடந்துவிட்டதாக நம்புகிறவர்.

"மேடம், உங்க ஃபேமிலிக்கு விவசாயப் பின்னணி இருக்கா?" என்று கேட்டார்.

கடல் பின்னணி என்று சொல்ல முடியுமா? பி.காம். முதல் வருஷத்தில் படித்த பொருளாதாரப் பாடம் கைகொடுத்தது. அதில் வயலும் கடலும் ஒரே பிரிவு.

"பிரைமரி செக்டார் சார். தலைமுறை தலைமுறையா."

புருஷோத்தமன் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது.

பயிற்சி நடந்தது பாகூரில் இல்லை, உழவர்கரையில் ஒரு ஏசி ஹாலில். பிள்ளைகளுக்கு வெளியுலக அனுபவம் வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. ஆகவே சனிக்கிழமைதோறும் முப்பத்திரண்டு பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றி, அவர்களுடைய அப்பா அம்மா களை எடுத்துக்கொண்டிருந்த வயல்களைத் தாண்டி, அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி, ஊர் நெரிசலையெல்லாம் தாண்டிக் கொண்டுவந்து, ஜன்னலைச் சாத்தித் திரையில் வயலைக் காட்டினார்கள்.

முதல் சனிக்கிழமையே செந்தமிழ்ச்செல்விக்குச் சோதனை வந்தது. திரையில் ஒரு செடி. கீழே 'கத்திரி' என்று போட்டிருந்தது.

"இது என்ன செடி, யாரு சொல்றீங்க?" என்று கேட்டாள்.

பின்வரிசையிலிருந்து வினோத்குமார் என்ற உயரமான பையன் எழுந்தான். "சுண்டக்கா மிஸ்."

"இல்லப்பா, கத்திரி. கீழ போட்டிருக்கு பாரு."

"கீழ போட்டிருந்தா? இலையப் பாருங்க மிஸ், பூவப் பாருங்க. எங்க கொல்லையில வேலியோரமா தானா மொளைச்சு நிக்குது. சுண்டக்காதான்."

அறையே சிரித்தது. அவளும் உற்றுப் பார்த்தாள். அவளுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அன்றைக்கே ஒரு உடன்பாட்டுக்கு வந்துவிட்டாள். செடியைப் பற்றிப் பிள்ளைகள் சொல்வார்கள், புத்தகத்தில் இருப்பதை அவள் வாசிப்பாள். இந்த ஏற்பாட்டில் இரண்டு பக்கமும் கௌரவமாக இருந்தது.

புத்தகம் நூற்று நாற்பது பக்கம். ஆங்கிலத்தில் எழுதியதைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தமிழாக்கியிருந்தார்கள். ஒரு பாடத்தில் 'உங்கள் வாடிக்கையாளருக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடியுங்கள்' என்று இருந்தது. அவள் வாசித்ததும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இனியா கை தூக்கினாள். கத்திரி போடும் குடும்பத்துப் பெண். எதையும் யோசித்துக் கேட்பாள்.

"முட்டியில மிஸ். எங்க ஊர்ல எல்லாருக்கும் முட்டியிலதான் வலி."

செந்தமிழ்ச்செல்வி புத்தகத்தைப் பார்த்தாள். அது தப்பு என்று சொல்வதற்கு அதில் எதுவும் இல்லை. "சரி, எழுதிக்கோங்க" என்றாள்.

அந்த இனியாதான் ஒரு மாதம் கழித்து அவளை மடக்கினாள்.

"மிஸ், எங்கப்பா கத்திரிக்காவ மூட்டை கட்டி மண்டிக்குக் கொண்டுபோனா, அவங்க சொல்றதுதான் வெல. வேணாம்னா திருப்பி எடுத்துகினு வரணும். நாங்களே எப்படி விக்கிறதுன்னு புக்குல இருக்கா மிஸ்?"

செந்தமிழ்ச்செல்வி பக்கங்களைப் புரட்டினாள். ஒரு படம் இருந்தது. ஒரு விவசாயி, ஒரு அம்புக்குறி, ஒரு லாரி, இன்னொரு அம்புக்குறி, கடைசியில் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம். அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது என்று புத்தகம் எழுதியவருக்குத் தெரிந்ததாகப் படவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். ஐந்து வயதிலிருந்து அம்மாவின் கூடையோரம் உட்கார்ந்து பார்த்தது. வாங்க வருகிறவள் கண்ணு எங்கே போகிறது, எப்போது விலையை விடணும், எப்போது 'போம்மா போ, உனக்கு இல்ல' என்று கோபம் காட்டணும். எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அது அடுத்த யூனிட்ல வரும்" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த யூனிட்டிலும் வரவில்லை. அதற்குப் பதில் சந்தை நாள் வந்தது. பயிற்சியின் முடிவில் பிள்ளைகள் தங்கள் ஊர் விளைச்சலைத் தாங்களே விற்றுக் காட்ட வேண்டும். எங்கே விற்பது என்று புருஷோத்தமன் தீர்மானித்தார்.

"கடற்கரைச் சாலை, மேடம். ஞாயித்துக்கிழமை காலைல. வாக்கிங் வர்றவங்க எல்லாம் வசதியானவங்க. பின்னாடி கடல் தெரியும், போட்டோ அருமையா வரும்."

போட்டோ அருமையாகத்தான் வந்தது. ஆறு மணிக்குப் பிள்ளைகள் பச்சை டீ-ஷர்ட்டில் வரிசையாக நின்றார்கள். பின்னால் பேனர், அதற்கும் பின்னால் சூரியன். கத்திரிக்காய், முருங்கைக்காய், மாங்காய், முளைக்கீரை எல்லாவற்றையும் காகிதப் பையில் போட்டு, பையில் லேபிள் ஒட்டி, லேபிளில் விலை அச்சடித்திருந்தார்கள். பேரம் பேசக்கூடாது என்பது புத்தகத்தின் ஏழாவது விதி. புருஷோத்தமன் முப்பது நாற்பது படம் எடுத்தார். வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று சொல்லி ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிட்டார்.

நடக்க வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். வெரி குட் என்றார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் இருக்கணும் என்றார்கள். சிலர் கத்திரிக்காய்ப் பையைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். உடம்பு இளைக்க நடக்கிறவர்கள் ஒரு கையில் முருங்கைக்காயைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றுவார்களா? பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் மட்டும் 'போன்ழூர்' சொல்லி ஒரு பை மாங்காய் வாங்கினார். சில்லறை பாக்கியைப் பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி 'மெர்சி' என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைய கடற்கரை வியாபாரம் அவ்வளவுதான்.

ஏழரைக்கு வண்டிகளுக்குச் சாலையைத் திறக்க வேண்டும் என்று போலீஸ்காரர் வந்து சொன்னார். வெயில் ஏறிவிட்டது. கீரை தலையைத் தொங்கப்போட ஆரம்பித்திருந்தது. இனியா மீதிப் பைகளை எண்ணினாள். பைகளில் பாதி அவள் அப்பாவுடைய கத்திரி. நேற்று சாயந்திரம் மண்டிக்குப் போகவேண்டியதை, மகள் சொன்னாள் என்று அந்த மனிதர் நிறுத்தி வைத்திருந்தார்.

"மிஸ், இத இனிமே மண்டியிலயும் எடுக்கமாட்டாங்க. நேத்து காயின்னு சொல்லிடுவாங்க" என்றாள் மெதுவாக.

செந்தமிழ்ச்செல்வி கடலைப் பார்த்தாள். பிறகு காய் ஏற்றிவந்த டெம்போவின் ஓட்டுநரைப் பார்த்தாள்.

"எல்லாத்தயும் ஏத்துங்க. நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்கு விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி மார்க்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பச்சை டீ-ஷர்ட் போட்ட முப்பத்திரண்டு பேர் உள்ளே நுழைந்ததும் காய்கறி வரிசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செல்வாம்பாள் எழுந்து நின்றுவிட்டாள். இருபது வருஷமாகக் காய்க்கடை வைத்திருப்பவள்.

"யாரும்மா நீங்க? எந்தக் கட்சி?"

"கட்சி இல்லக்கா. ஸ்கூல் புள்ளைங்க. கொஞ்சம் காய் இருக்கு, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"ஒரு நாளா? ஞாயித்துக்கிழமைதான் எங்களுக்கு நாளு. இந்த வரிசையில ஒரு சாக்கு விரிச்சியோ, நடக்கறதே வேற. போய் அந்த மீன்காரிங்ககிட்ட வெச்சு வித்துக்கோ."

கிண்டலுக்குச் சொன்னாள். ஆனால் வேறு இடமும் இல்லை. செந்தமிழ்ச்செல்வி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மீன் பகுதிக்குப் போனாள். ஈரத் தரையில் புடவையைத் தூக்கிப் பிடித்து நடந்தாள். அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு வழி கேட்கத் தேவைப்படவில்லை.

மணியம்மாள் ஒரு பாறை மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். மகளைப் பார்த்தாள், பின்னால் நின்ற பச்சைக் கூட்டத்தைப் பார்த்தாள். அருவாமனையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னாடி இது? காலேஜ் டூரா?"

"ம்மா, காய் விக்கணும். எடம் வேணும்."

இருபது வருஷம் வராதவள் ஏன் இன்றைக்கு வந்தாள் என்று மணியம்மாள் கேட்கவில்லை. தண்ணீர் வாளியைக் காலால் ஒரு முழம் தள்ளினாள்.

"இவ்ளோதான் எடம். பையெல்லாம் பிரிச்சிக் கொட்டு. பையில இருந்தா எவ வாங்குவா, உள்ள சொத்தை இருக்கும்னு நெனப்பா."

லேபிள் ஒட்டிய பைகளைப் பிள்ளைகள் கிழித்தார்கள். சாக்கை விரித்து, கத்திரிக்காயைக் கூறு கட்டினாள் செந்தமிழ்ச்செல்வி. மீனைக் கூறு வைக்கிற அதே கை, பெரியது மேலே, சின்னது கீழே, எண்ணிக்கையில் எல்லாக் கூறும் ஒன்று, பார்வைக்கு ஒவ்வொன்றும் மற்றதைவிடப் பெரிசு. முடித்துவிட்டு நிமிர்ந்து கூவினாள். முதல் சத்தம் கிறீச்சென்று வந்தது. இரண்டாவது சத்தம் சரியாக வந்தது.

"வா தாயி வா! பாகூர் கத்திரி! காம்பத் தொட்டுப் பாரு, முள்ளு குத்துதா இல்லியா? குத்தலன்னா காசு வேணாம்! ஏக்கா, நெத்திலி வாங்கிகினு மாங்கா இல்லாம வூட்டுக்குப் போறியே, கொழம்புக்குப் புளிய மட்டும் கரைச்சி ஊத்துவியா? கருவாடு வாங்கினவங்கல்லாம் இப்படி வா, கத்திரி இங்க இருக்கு!"

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மூன்று மாதமாக 'இலக்கு வாடிக்கையாளர்' என்று மெல்லிய குரலில் வாசித்த மிஸ்ஸா இது? மீன் வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிறவள் மாங்காய்க்கும் கத்திரிக்கும் இன்னொரு வரிசை சுற்றிப் போகவேண்டும். இங்கே மீன் பையோடு கையில் கிடைத்தது. கால் மணி நேரத்தில் இனியா முன்னால் வந்துவிட்டாள். முதலில் மிஸ் கத்தியதை அப்படியே திருப்பிக் கத்தினாள், பிறகு தன் சரக்கையும் சேர்த்துக்கொண்டாள். "எங்கப்பா போட்ட கத்திரிக்கா! மருந்து எப்ப அடிச்சாருன்னு கேளுங்க, தேதி சொல்றேன்!" இதைக் கேட்டு ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே மூன்று கூறு வாங்கினாள். வினோத்குமார் பேரம் பேச வருகிறவர்களிடம் முறைத்துக்கொள்வதில் கெட்டிக்காரன் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒன்பதரைக்குச் சாக்கு காலி. வதங்கின கீரையை மட்டும் யாரும் சீந்தவில்லை. அதை மணியம்மாள் எடுத்துத் தன் மீன் கூடைமேல் வெயிலுக்கு மூடிக்கொண்டாள்.

"சத்தத்த அடித்தொண்டையில கொஞ்சம் இழுக்கணும். மத்தபடி பரவால்ல" என்றாள் மகளிடம். எல்லாப் பிள்ளைகளுக்கும் தன் செலவில் டீ சொன்னாள்.

செந்தமிழ்ச்செல்வி அன்று வீட்டுக்கு வந்து புடவையை ஊறப்போட்டாள். உடம்பெல்லாம் மீன் வாடை. இராமதாஸ் மூக்கைச் சுளிக்காமல், "சாப்புடக் கொழம்பு இருக்கா?" என்று மட்டும் கேட்டான். அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தொண்டை கட்டிக்கொண்டதால் இரண்டு நாள் பேசவே முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆய்வுக் கூட்டம். நிதி கொடுக்கும் கம்பெனியின் உள்ளூர்க் கிளையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். புருஷோத்தமன் அறிக்கையை வாசித்தார். அட்டையில் சூரியன், கடல், பச்சை டீ-ஷர்ட். 'கடற்கரைச் சந்தை: முழு விளைச்சலும் மூன்றரை மணி நேரத்தில் விற்பனை' என்று தலைப்பு. இதைச் சாதித்த பயிற்றுநர் என்று செந்தமிழ்ச்செல்விக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

மெர்சி சொன்ன பெரியவரின் ஒரு பை மாங்காய் அவள் கண்முன் வந்து போனது. இனியா மாதிரி வேறு ஊர்ப் பெண் யாராவது இதைப் படித்துவிட்டு, தன் அப்பாவை மூட்டையோடு கடற்கரைக்கு அனுப்பினால்?

"சார், கடற்கரையில ஒரு பைதான் போச்சு. மீதி எல்லாம் நெல்லித்தோப்பு மார்க்கெட்ல மீன் கடைங்க நடுவுல வித்தோம்."

புருஷோத்தமன் தண்ணீர் குடித்தார்.

"மீன் கடையா? அங்க எப்படி மேடம் எடம் கெடச்சுது?" என்றார் வந்திருந்த அதிகாரி.

முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்காகத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

"எங்கம்மா அங்க மீன் விக்கிறவங்க."

சொல்லிவிட்டாள். கூரை அப்படியே இருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி தலையை ஆட்டினார். புருஷோத்தமன் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கூட்டம் ட்ரோன் பற்றிய விஷயத்துக்குப் போய்விட்டது.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அந்த அதிகாரி தட்டோடு அவளை ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். முகத்தைப் பார்த்தால் ஏதோ பெரிய விசாரணைபோல இருந்தது.

"மேடம், வஞ்சிரம் இப்ப என்ன வெல போவுது? நல்ல மீனா, சுத்தம் பண்ணி, ஒரு ரெண்டு கிலோ கெடைக்குமா?"

அவர் போனதும் புருஷோத்தமன் வந்தார். அவருக்கும் இரண்டு கிலோ. கூடவே ஒரு விளக்கமும் சொன்னார்.

"அறிக்கைய மாத்தலாம்னுதான் பாக்குறேன் மேடம். ஆனா கம்பெனி ஓனர் சுத்த சைவம். மீன் மார்க்கெட் போட்டோவ அனுப்ப முடியாது. கடற்கரையே இருக்கட்டும். கடல்ல கூட மீன் இருக்குல்ல, அதனால பொய்யில்ல."

இத்தனை வருஷம் அவள் மூடி மூடிக் காத்த ரகசியத்துக்கு நான்கு கிலோ வஞ்சிரத்துக்கு மேல் மதிப்பில்லை. அதை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. யாராவது ஒருவராவது முகத்தைச் சுளித்திருந்தால், பயந்ததற்கு அர்த்தம் இருந்திருக்கும்.

பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். விவசாயத் தொழிலில் ஈடுபடுவீர்களா என்ற கேள்விக்கு முப்பத்திரண்டு பேரும் 'ஆம்' என்று குறித்தார்கள். குறிக்கச் சொன்னது புருஷோத்தமன்தான். அடுத்த வருஷமே வினோத்குமாருடைய அப்பா நிலத்தை ஒரு மனை வியாபாரிக்கு விற்றார். வாங்கியவர், பேரத்தில் அசையாத அந்தப் பையனைத் தன் அலுவலகத்திலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். சான்றிதழைச் சட்டம் போட்டு அங்கே மாட்டியிருக்கிறான். இனியா கல்லூரிக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு பஸ்ஸில் கத்திரி மூட்டையைப் போட்டுக்கொண்டு வந்து மணியம்மாள் பக்கத்தில் உட்காருகிறாள். செல்வாம்பாள் இரண்டு மாதம் சண்டை போட்டாள். மூன்றாம் மாதம் பார்த்தால், அவளே இனியாவின் அப்பாவிடம் மொத்தமாகக் காய் எடுக்கிறாள்.

தொண்டு நிறுவனத்துக்கு வேறொரு கம்பெனியின் நிதியில் புதுத் திட்டம் கிடைத்தது. மீன் விற்கும் பெண்களுக்குச் சந்தைப்படுத்தல் பயிற்சி. குடும்பப் பின்னணியை எல்லாரும் அறிந்துவிட்டதால், பயிற்றுநர் யார் என்பதில் புருஷோத்தமனுக்குச் சந்தேகமே வரவில்லை. புத்தகமும் பழையதுதான். கத்திரிக்காய் என்று இருந்த இடத்தில் எல்லாம் மீன் என்று மாற்றியிருந்தார்கள். 'மீனுக்கு வாரம் இருமுறை நீர் பாய்ச்சவும்' என்று ஒரு வரி இருந்தது. அதைச் செந்தமிழ்ச்செல்வி முதல் வேலையாகப் பேனாவால் அடித்தாள்.

பெயர் எழுத மார்க்கெட்டுக்குப் போனாள். மணியம்மாள் யோசித்தாள்.

"வந்தா இன்னா குடுப்பீங்க?"

"ஐஸ் பொட்டி குடுக்கிறாங்கம்மா."

"மூடி ஒழுங்கா மூடுமா?"

"மூடும்."

"அப்ப எழுதிக்கோ. ஆனா மூணு மணிக்கு மேல உக்கார மாட்டேன், சொல்லிட்டேன்."

முதல் வகுப்பில் இருபத்தைந்து பெண்கள் வந்திருந்தார்கள். மணியம்மாள் ஏசிக்கு நேராக இடம் பிடித்து உட்கார்ந்தாள். விடியலுக்கு முன்னாலேயே எழுந்தவள். 'வாடிக்கையாளரை ஈர்ப்பது எப்படி' என்ற இரண்டாவது படம் திரையில் வருவதற்குள் தலை சாய்ந்து, மெல்லிய குறட்டை கிளம்பிவிட்டது. பக்கத்தில் இருந்தவள் எழுப்பப் போனாள். செந்தமிழ்ச்செல்வி வேண்டாமென்று கையைக் காட்டினாள். திரையில் இருந்ததைத் தாழ்ந்த குரலில் வாசித்துக்கொண்டு மூன்றாவது படத்துக்குப் போனாள்.